கூத்துக்கு ஒரு மண்டபம் கீறுறன், வளைவு எங்க இருந்து வரணும்?

களரிப்புள்ள:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஆர்க்கிடெக்சர் கடைசி வருசம், ஊர் மட்டக்களப்பில ஆரையம்பதி. கடைசி ப்ரொஜெக்ட்டுக்கு கல்லடிப் பக்கம் வாவிக்கரையில ஒரு பொது மண்டபம் எடுத்திருக்கிறன், கூத்துப் பழக, ஆட, மத்த நாளையில ஊர்ச்சனம் வந்து காத்து வாங்கிக்கொண்டு இருக்க. பேப்பர்ல மட்டும் தான், ஆனா கட்டினா நிக்கணும் எண்ட நினைப்போட தான் கீறுறன்.

சின்ன வயசில அப்பப்பாட தோளில இருந்து கூத்துப் பாத்த ஆள் நான். வடமோடி எண்ட கூத்து வகையில அரசன் வந்து கிறுகி, சுத்திச் சுத்தி ஆடுற நேரம் அந்தக் கரப்புடுப்பு, வளையம் வைச்ச பாவாடை மாதிரி உடுப்பு, அப்படியே விரியும் பாருங்க, சதங்கைச் சத்தமும் மத்தளமும் ஒண்டாப் போய் நிக்கிற இடம், அது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. அதத்தான் கட்டடத்துக்குள்ள கொண்டு வரணும் எண்டு கரப்புடுப்பு விரிஞ்ச மாதிரியே ஒரு கூரை கம்பியூட்டர்ல செய்தன். அஸர்பைஜான்ல பாக்கு எண்ட நகரத்தில 2012ல திறந்த, சாஹா ஹடிட் எண்ட கட்டடக்கலைஞர்ட கட்டடம் மாதிரி நிலமும் சுவரும் கூரையும் ஒண்டா ஓடுற மாதிரி. வடிவா வந்திச்சு. ஆனா எங்கட சேர் பாத்திட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டார், "இதில ஆடுறது ஆளா, கட்டடமா?" எண்டு. மறுகா மூண்டு நாளா ஒரு கோடும் கீறல்ல. உங்களுக்கு என்ன தோணுது, சொல்லுங்க.

வாவிமகன்:
தங்கச்சி, நான் ஊரை விட்டு வந்து இருவது வருசத்துக்கு மேல. சொல்றன் எண்டு கோவிக்காதீங்க, விடாதீங்க அந்தக் கூரைய. மட்டக்களப்பு எண்டா வெளியால இருக்கிறவனுக்கு என்ன படம் மனசில வரும்? பழைய கல்லடிப் பாலமும் கோட்டையும், அவ்வளவு தான். 1924ல கட்டின பாலம் தான் இன்னும் எங்கட முகம். பில்பாவோ எண்டு ஸ்பெயின்ல ஒரு துறைமுகப் பட்டினம், 1997ல ஃபிராங்க் கெரி கட்டின மியூசியம் ஒண்டு வந்த பிறகு தான் அந்த ஊர்ப் பேரையே உலகம் கதைச்சது. எங்களுக்கும் ஒரு கட்டடம் அப்படி வரட்டுமே. கரப்புடுப்பு இல்லாட்டி எங்கட வாவிக்குப் பேரெடுத்த பாடும்மீன் வடிவத்தில எண்டாலும் செய்யுங்க.

மருதமுனை நானா:
தங்கச்சி, நான் சிவில் என்ஜினியர், கரையோரக் கட்டடங்கள் தான் கூட செய்தது. வளைவு வேணாம் எண்டு சொல்ல வரல்ல, வளைவு எனக்கும் விருப்பம். ஆனா வளைவில ரெண்டு சாதி இருக்கு, அத விளங்கிக்கொள்ளுங்க. ஒண்டு, வளைவே பாரத்தைத் தாங்குற வளைவு. மற்றது, உள்ளுக்க வேற ஒண்டு தாங்க மேல போர்த்தின வளைவு. நீங்க சொன்ன பாக்கு கட்டடம் ரெண்டாம் சாதி, உள்ளுக்க பென்னம் பெரிய இரும்புச் சட்டகம், அதுக்கு மேல மெல்லிய பலகை பலகையா கொழுவின தோல். அங்க அவங்களுக்கு அது சரி. வாவிக்கும் கடலுக்கும் நடுவில உப்புக்காத்துக்க ஆயிரக்கணக்கான இரும்பு மூட்டுகள வைச்சா ஆரு பெயின்ட் அடிச்சுக்கொண்டு இருக்கிற? இஞ்ச சாதாரணத் தூண்லயே பாக்கிறம் தானே, கம்பி துருப்பிடிச்சு ஊதி கொங்கிறீட்ட வெடிக்க வைச்சிடும்.

சிட்னி ஒபெரா ஹவுஸ்ட கதையும் தெரிஞ்சிருக்கணும். அதக் கீறின உட்சன் 1957ல போட்டியில வெண்ட நேரம் கீறினது கைபோன போக்கில கீறின, சிப்பி ஓடு மாதிரிக் கூரைகள், எப்படிக் கட்டுற எண்டு ஒருத்தருக்கும் தெரியா. வருசக்கணக்கா முட்டி மோதி, கடைசியா எல்லா ஓடுகளையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே ஒரு உருண்டையில இருந்து வெட்டி எடுக்கலாம் எண்டு கண்டுபிடிச்ச பிறகு தான் வழி வந்தது, ஒரே வளைவு எண்டபடியால ஒரே அச்சு திரும்பத் திரும்ப பாவிக்கலாம். அப்படியும் 70 லட்சம் டொலர் எண்டு துவங்கி 10 கோடியத் தாண்டி 1973ல தான் திறந்தாங்க, உட்சன் 1966லயே விட்டிட்டுப் போயிட்டார். இத பயங்காட்டச் சொல்லல்ல. வடிவத்த முதல்ல கீறிப்போட்டு மறுகா வழி தேடாம, வழிக்குள்ள இருந்து வடிவம் வரட்டும், அதத்தான் சொல்றன்.

மத்தளச்சத்தம்:
மகள், எங்கட அப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குற ஆசான். நான் மத்தளம். கட்டடம் பற்றி எனக்குத் தெரியா, களரி பற்றித் தெரியும், அதச் சொல்றன்.

வட்டக்களரி எண்டா என்ன? கோயில் முன்றலிலயோ வயல்வெளியிலயோ மண்ணை அணைச்சு வட்டமா உயர்த்துவம். சுத்திக் கம்பு நட்டு மேல சீலையால மேற்கட்டி கட்டுவம். நடுவில நாங்க நிப்பம், அண்ணாவியார், மத்தளம், சல்லரி எண்ட கைத்தாளம், ஏடு பாக்கிறவர், பிற்பாட்டுக்காரர். கூத்தர் எங்களைச் சுத்தித்தான் ஆடுவாங்க. சனம் நாலாபக்கமும் நிலத்தில இருக்கும், பாயோட, தேத்தண்ணியோட, நித்திரையான புள்ளையளோட, விடிய விடிய. இப்ப இதில யோசிச்சுப் பாருங்க. முன்பக்கம் எண்டு ஒண்டு இல்ல. பின்பக்கமும் இல்ல. அதால தான் கூத்தன் கிறுகுறான்! நாலு பக்கமும் இருக்கிற சனத்துக்கு முகம் காட்டணும். வீசாணம், எட்டு எண்ட ஆட்டங்கள் போடுறது வடிவுக்கு மட்டும் இல்ல மகள், அந்த வட்டம் அவனை அப்படி ஆட வைக்குது.

1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை எடுத்துச் சுருக்கி படச்சட்ட மேடையில ஏத்தினார், அது பெரிய காரியம், அதால தான் படிச்ச சனம் கூத்தைத் திரும்பிப் பாத்தது. ஆனா அதுக்குப் பிறகு கட்டின மண்டபம் எல்லாம் ஒரு பக்கம் திறந்த பெட்டி. பெட்டிக்குள்ள ஆடினா முதுகு காட்டக் கூடாது எண்டு பழக்க வேண்டி இருக்கு. எண்ட ஆசை என்ன எண்டா, உங்கட கூரை என்ன வடிவமும் எடுக்கட்டும், உள்ளுக்க களரி வட்டமா இருக்கணும், நாங்க நடுவில நிக்கணும், நாலு பக்கமும் சனம் இருக்கணும். அதில்லாம வெளியில கரப்புடுப்பு கட்டினா அது உடுப்பு மட்டும் தான், உள்ளுக்க ஆள் இல்ல.

களரிப்புள்ள:
ஐயா, கடைசி வரிய கொப்பியில எழுதி வைச்சிட்டன். உண்மையச் சொன்னா என்ட பிளான்ல உள்ளுக்க படச்சட்ட மேடை தான் போட்டிருந்தன், கூரைய மட்டும் தான் யோசிச்சது. இப்ப தான் விளங்குது சேர் ஏன் கேட்டார் எண்டு.

ஒரு கேள்வி. மண்டபத்தையே வட்டமாக் கட்டினா சத்தம் எப்படி? நாலு பக்கமும் சனம் இருக்கிற மண்டபத்துக்கு பெரிய உதாரணம் பெர்லின்ல இருக்கு, ஹான்ஸ் ஷாரூன் 1963ல கட்டின இசை மண்டபம், வாத்தியக்காரர் நடுவில, சனம் சுத்தி வர தட்டுத் தட்டா வயல் வரம்பு மாதிரி. ஆனா அது வட்டம் இல்ல, கோணல் கோணலாத் தான் இருக்கு.

மத்தளச்சத்தம்:
வட்டச் சுவருக்குள்ள அடிச்சுப் பாத்திருக்கிறன். அடிச்ச அடி திரும்பி வந்து நடுவில நிக்கிற என்ட காதுக்கே விழும், அடுத்த தாளத்தோட இடிபடும். பாடுறவனும் பிசகுவான். திறந்தவெளிக் களரியில அந்தக் கரைச்சல் இல்ல, சத்தம் போற வழிக்குப் போயிடும்.

மருதமுனை நானா:
ஐயா சொன்னது அப்படியே சரி. உள்பக்கம் குழிஞ்ச சுவர் கண்ணாடி மாதிரி, சத்தத்த ஒரு இடத்துக்குச் சேர்க்கும், அந்த இடம் வட்டத்துக்கு நடு, அங்க தான் மத்தளம். பெர்லின்ல அதுக்குத் தான் கூரைய கூடாரம் மாதிரி கீழ்நோக்கித் தொங்குற வளைவாச் செய்தாங்க, கீழ தொங்குற வளைவு சத்தத்த சிதறடிக்கும். அதால தங்கச்சி, களரி வட்டமா இருக்கட்டும், சனம் வட்டமா இருக்கட்டும், சுவர் வட்டமா இருக்கவே வேணாம். எங்கட சீதோஷ்ணத்துக்கு சுவரே தேவையா எண்டு கேளுங்க. ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மழை வாற பக்கம் மட்டும் மறைச்சாக் காணும், கச்சான் எண்ட வெக்கைக் காலத்தில காத்து உள்ளுக்க வராட்டி சனம் அவிஞ்சு போயிடும்.

சல்லரி:
புள்ள, நான் வடமோடியும் தென்மோடியும் ரெண்டும் ஆடினவள். உங்களுக்கு ஒரு வேலை சொல்றன். கூத்தர்ட கால்ல சின்ன லைட் ஒண்டு கட்டுங்க, சதங்கைக்கு மேல. லைட்டை எல்லாம் நூத்திட்டு ஃபோனை மேல இருந்து பிடிச்சு மெதுவாப் பதியிற மாதிரி விட்டு போட்டோ எடுங்க. கால் போன வழி கோடு கோடா விழும். நூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில கில்பிரெத் எண்ட புருசனும் பொஞ்சாதியும் தொழிலாளர்ட கையில லைட் கட்டி இப்படித்தான் அசைவ ஆராய்ஞ்சவங்க. ரெண்டு மோடிக்கும் ரெண்டு விதமா வரும் எண்டு நான் இப்பவே சொல்லுவன், வடமோடி பாய்ச்சல், இடம் கூட வேணும், தென்மோடி காலடி நுணுக்கம், கிட்ட இருந்து பாத்தாத் தான் விளங்கும். அப்ப சனத்த எவ்வளவு கிட்ட இருத்துற எண்டதே ஒரு டிசைன் கேள்வி தானே.

இன்னொண்டு. உடுப்பு மாத்துற கொட்டிலுக்கும் களரிக்கும் இடையில நடந்து வாறமே, அந்த நடை தான் ஒரு கூத்தர்ட நெஞ்சு கூட அடிக்கிற இடம். கரப்புடுப்போட சாதாரணக் கதவுக்குள்ளால போகேலாம பக்கவாட்டில நெளிஞ்சு போன நாள் எத்தினை. அரசன் உடுப்பில பக்கவாட்டில நெளிஞ்சு வந்தா பிறகு அரசன் நடை எங்க வாற? அந்த வழிய அகலமா, வளைஞ்சு, சனத்துக்குள்ளால வாற மாதிரி வைங்க.

ஓடாவி மகன்:
நான் கட்டட வேலை எடுத்துச் செய்யிறன், அப்பா ஓடாவி, தச்சு வேலை. இஞ்ச எல்லாரும் வளைவெண்டா கொங்கிறீட் எண்டே கதைக்கிறீங்க. வளைஞ்ச கொங்கிறீட்டுக்கு காசு போறது சீமெந்துக்கு இல்ல, சட்டர் அடிக்கிறதுக்கு, கொங்கிறீட் ஊத்துற பலகை அச்சுக்கு. வளைஞ்ச பலகை வெட்டினா ஒருக்காப் பாவிச்சிட்டு அடுப்புக்குத் தான். எங்கட ஆக்களிட்ட செங்கல் இருக்கே, செங்கல் வளையும்! நேர்ச்சுவர் அரைக்கல் தடிப்பில உயரக் கட்டினா தள்ளினா விழும், அதையே பாம்பு மாதிரி நெளிச்சுக் கட்டினா அதே அரைக்கல் நிக்கும், நெளிவு தான் முட்டுக்கால். லாரி பேக்கர் எண்ட கட்டடக்கலைஞர் கேரளாவில இதத் தானே வருசக்கணக்கா செய்து காட்டினவர். திருவனந்தபுரத்தில பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில இந்தியன் காஃபி ஹவுஸ் ஒண்டு இருக்கு, நேர போய்ப் பாத்தன், சுருள் மாதிரி மேல மேல ஏறுற ஒரே தளம், செங்கல்லு, சுவரில ஓட்டை ஓட்டையா விட்டு காத்தும் வெளிச்சமும் வருது, பரிமாறுறவங்க தட்டோட அதில சுத்திச் சுத்தி ஏறி இறங்குறாங்க. கட்டடமே நடக்க வைக்குது. ரெண்டு தேத்தண்ணி குடிச்சு ஒண்டரை மணித்தியாலம் இருந்தன், எழும்ப மனம் வரல்ல.

உருகுவேயில டியெஸ்டே எண்ட என்ஜினியர் 1960ல முடிச்ச கிறிஸ்தவக் கோயில் ஒண்டு இருக்கு, அட்லாண்டிடா எண்ட இடத்தில. சுவர் அடியில நேர்கோடு, மேல போகப் போக அலை. எப்படி மேசன் கட்டினான்? அடியில நேர்கோட்டில ஆணி, மேல அலைக் கோட்டில ஆணி, ரெண்டுக்கும் இடையில நூல். நூல் நேரா, நூலுக்கு நூல் சரிவு மாறும், மேசன் நூலைப் பாத்துக் கல்லு வைக்க சுவர் தானா வளையும். நூல் பிடிக்கத் தெரிஞ்ச எந்த மேசனும் இதக் கட்டுவான், எங்கட ஊர்லயும் கட்டுவான். 2021ல யுனெஸ்கோ உலக மரபுரிமை எண்டு எடுத்தது அந்தக் கோயிலை.

மருதமுனை நானா:
ஓடாவி மகன் தம்பி, நெஞ்சில பால் வார்த்தீங்க. அதே சங்கதி தான் மெக்சிக்கோவில கண்டேலா எண்டவர் 1958ல கட்டின சாப்பாட்டுக் கடை, பூ மாதிரிக் கூரை, 4 சென்டிமீட்டர் தான் தடிப்பம், சட்டர் முழுக்க நேர்ப்பலகை. நேர்கோட்டால வளைவு செய்யிறது தான் வித்தை. ஆனா 4 சென்டிமீட்டர் ஓட்டுக்குள்ள கம்பி வைச்சு எங்கட உப்புக்காத்தில விட எனக்கு மனம் வராது, அதால செங்கல் தான் என்ட தெரிவும்.

கம்பியே இல்லாத வளைவு எப்படிக் கண்டுபிடிக்கிற எண்டு சொல்றன் தங்கச்சி. சங்கிலியோ வலையோ ரெண்டு முனை பிடிச்சுத் தொங்க விட்டா அது முழுக்க இழுவையில தான் இருக்கும், மடியத் தெரியா. அந்த வடிவத்த அப்படியே தலைகீழாத் திருப்பினா முழுக்க அமுக்கத்தில இருக்கும், செங்கல்லுக்கு அமுக்கம் தான் பலம். 1675லயே ரொபேர்ட் ஹூக் கண்டு சொன்ன விசயம் இது. ஸ்பெயின்ல கௌடி எண்டவர் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு கயிறும் ஈயக்குண்டுப் பையும் தொங்கவிட்டு வருசக்கணக்கா மொடல் செய்தார். சுவிஸ்ல ஐஸ்லர் எண்டவர் ஈரச் சீலையத் தொங்கவிட்டு குளிர்ல உறைய வைச்சுத் திருப்பினார். எங்களுக்கு உறையிற குளிர் இல்ல, ப்ளாஸ்டர் ஒஃப் பாரிஸ் இருக்கு, ஈயம் கட்டின வீச்சுவலையும் வீட்டுக்கு வீடு இருக்கு. வீட்டு வளவுக்குள்ள செய்து பாருங்க.

ஆனா ஒரு கவனம். அமுக்க வளைவு அடியில வெளிப்பக்கமாத் தள்ளும். வாவிக்கரை மணல், அது தாங்கி நிக்காது. அடிகள எல்லாம் நிலத்துக்குக் கீழால ஒண்டோட ஒண்டு இழுத்துக் கட்டணும். அந்தக் கம்பிய நல்ல தடிப்பா மூடணும்.

மத்தளச்சத்தம்:
காத்தையும் யோசிங்க. 1978 நவம்பர் 23 ராத்திரி நான் சின்னப் பொடியன். தகரம் எல்லாம் கடதாசி மாதிரிப் பறந்தது, தென்னைய முறிச்செறிஞ்சது, விடிய வெளியில வந்து பாத்தா எங்கட ஒழுங்கை எது எண்டே தெரியல்ல. ஓலைக்கொட்டிலும் போச்சு, கல்வீட்டுக் கூரையும் போச்சு. திறந்த மண்டபம் எண்டா காத்து உள்ளுக்கயும் பூரும்.

மருதமுனை நானா:
ஓம் ஐயா, அது தான் திறந்த மண்டபத்தில பெரிய பயம், கீழால காத்து தள்ளும், மேலால காத்து உறிஞ்சும், ரெண்டும் ஒரே பக்கம். தகரக் கூரை கிளம்புறது அதால தான். செங்கல் கூரை பாரம், பாரமே அதப் பிடிச்சு வைக்கும், ஆனாலும் ஓரங்களுக்குக் கணக்குப் பாக்காம விடேலாது. ஓரத்த நீட்டி நீட்டி பறக்குற மாதிரி விடாதீங்க தங்கச்சி, படத்தில வடிவா இருக்கும், முதல்ல போறது அது தான்.

விழுது:
நான் வீல்செயார்ல இருக்கிற ஆள். அசைவு, ஓட்டம், கிறுகுறது எண்டு எல்லாரும் கதைக்கிறீங்க, வாசிக்க நல்லா இருக்கு. என்ட அசைவும் அசைவு தானே. பொது மண்டபங்கள்ல எனக்கெண்டு வைக்கிற சரிவுப் பாதை, றாம்ப், குசினிப் பக்கத்தால தான் இருக்கும், நான் சாமான் மாதிரிப் பின்பக்கத்தால போவன். களரிக்கு மேல ஏற வழியே இருக்காது, நானும் சல்லரி போடுவன், பிற்பாட்டும் பாடுவன். உங்கட களரிக்கு நான் எப்படி ஏறுற?

களரிப்புள்ள:
விழுது அண்ண, இதுக்கு உடன பதில் எழுதல்ல, மன்னிச்சிக்கோங்க, கீறிப் பாத்திட்டுத் தான் எழுதணும் எண்டு இருந்தன். எங்கட ஊர்ல அளந்த களரி குறுக்கால 22 அடி. உயரம் ரெண்டரை அடி எண்டு வைச்சன். ஒரு அடி ஏற 12 அடி நீளம் எண்டு பாத்தா 30 அடி றாம்ப் வேணும். களரிய அணைச்சாப்போல நாலரை அடி அகலத்தில வளைச்சு விட்டா, சுத்து வட்டத்தில மூண்டில ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. அதுவே கூத்தர் வாற வழி! சல்லரி அக்கா கேட்ட வளைஞ்ச வழி. உடுப்பு மாத்துற இடத்தில இருந்து வந்து, சனத்துக்குள்ளால, களரியச் சுத்தி ஏறி மேல. அரசனும் அதால, விழுது அண்ணையும் அதால. குசினிப் பக்கம் ஒரு வழியும் இல்ல.

மருதமுனை நானா:
அருமை, ஆனா கணக்கில ஒரு பிழை. நீங்க 30 அடிய றாம்ப்ட நடுக்கோட்டில அளந்திருக்கிறீங்க. வளைஞ்ச றாம்ப்ல உள்விளிம்பு குறுகும், அங்க 25 அடி தான் வரும், 10 அடிக்கு ஒரு அடி, செங்குத்து கூடிப் போச்சு. உள்விளிம்பில 30 அடி வாற மாதிரி நீட்டுங்க, அரை வட்டத்துக்குக் கொஞ்சம் குறையும். அகலத்தையும் அஞ்சடி ஆக்குங்க, நடுவில ஒரு சமதளம் விடுங்க, மூச்சு வாங்க.

சல்லரி:
அக்கா சொல்றதையும் கேளுங்க, அந்தச் சரிவில ஆட மாட்டம், நடந்து தான் வருவம். வரவு ஆட்டம் களரியில தான். சரிவு சொரசொரப்பா இருக்கணும், வெறுங்கால் வழுக்கக் கூடாது.

வாவிமகன்:
எல்லாம் வாசிச்சன். மனசு கொஞ்சம் கனத்துத் தான் எழுதுறன். நீங்க எல்லாரும் சொல்றது சரி, ஆனா தூரத்தில இருந்து பாத்தா இந்த மண்டபம் தெரியுமா? பாலத்தால போறவன் திரும்பிப் பாப்பானா? எனக்கு அது முக்கியம், ஏன் எண்டா நான் இனி அதப் படத்தில தான் பாக்கப் போறன்.

களரிப்புள்ள:
வாவிமகன் அண்ண, அதுக்குத் தான் இத்தின நாள் எடுத்தது. நேத்து வளவுக்க செய்து பாத்தன். நானா சொன்ன மாதிரி முதல் வீச்சுவலை, வலை ப்ளாஸ்டரைப் பிடிக்கல்ல, ஒழுகிட்டு. அப்ப அம்மாட பழைய வோயில் சீலைய ஆறு கம்பில கட்டித் தொங்கவிட்டன், அப்பா ப்ளாஸ்டர் கரைச்சுத் தந்தார், காயும் வரைக்கும் கோழிய விரட்டிக்கொண்டு இருந்தன். காய்ஞ்சிட்டு இருக்கக்குள்ள தான் தலைய நிமித்திப் பாத்தன், நெஞ்சு நிண்டு போச்சு. அது மேற்கட்டி! களரிக்கு மேல கட்டுற அதே சீலை, அதே தொய்வு. நான் மூண்டு மாசமா எங்கேயோ தேடின வளைவு களரிக்கு மேலயே கிடந்திருக்கு. திருப்பி வைச்சா ஆறு காலில நிக்கிற செங்கல் கூரை, ஆறு பக்கமும் வாசல், அண்டைக்கு கரப்புடுப்பு எண்டு கம்பியூட்டர்ல கீறினதுக்கும் இதுக்கும் தூரத்தில பெரிய வித்தியாசமே இல்ல, விரிஞ்சு தான் நிக்குது. பாலத்தில இருந்து தெரியும் அண்ண. ராவில உள்ளுக்க லைட் போட்டா ஆறு வாசலாலயும் வாவியில வெளிச்சம் விழும்.

ஆனா உள்பக்கம் குழிஞ்ச கூரை தானே இதுவும், மத்தளச்சத்தம் ஐயாட காதுக்குத் தான் பயம்.

மருதமுனை நானா:
வளைவுட ஆரத்த கூரை உயரத்தின்ட ரெண்டு மடங்குக்கு மேல எடுங்க, சத்தம் சேருற புள்ளி ஆக்கள்ட காது மட்டத்துக்கு வராது. அதோட கூரைக்குக் கீழ உண்மையான மேற்கட்டியக் கட்டுங்க, கீழ தொங்குற சீலை சிதறடிக்கும். பழைய காலத்தில ஐரோப்பாவில கோயில் சுவருக்குள்ள மண்பானை புதைச்சு வைச்சவங்க சத்தத்துக்கெண்டு, செங்கல்லுக்கிடையில சின்ன முட்டி வாய் தெரிய வைச்சுப் பாக்கலாம், அது கொஞ்சம் பரிசோதனை தான்.

களரிப்புள்ள:
அப்ப ஆரம், உயரம், முட்டி மூண்டும் இந்தக் கிழமை. ஐயா, ஒரு உதவி. கால் லைட் போட்டோ எடுக்க உண்மையான மத்தளம் வேணும், ரெக்கோர்டுக்கு ஆட சரியா வராதெண்டு சல்லரி அக்கா சொல்றா. ஞாயிறு பின்னேரம், பொழுது பட்ட பிறகு, எங்கட கோயில் முன்றல்.

மத்தளச்சத்தம்:
வாறன் மகள். மத்தளத்துக்கு வார் இழுத்து வைக்கிறன். முன்றல் மண் இப்ப இறுகிப் போய் இருக்கும், காலையில தண்ணி தெளிச்சு வைங்க, கால் நோகக் கூடாது. விழுதுத் தம்பிய ஆராவது ஏத்திக்கொண்டு வாங்க, சல்லரிக்கு ஆள் குறையுது.

விழுது:
சல்லரி என்ட சொந்தம் இருக்கு. வாறன்.